இடம் வலம் மாறிய வீடு

சின்னவள் யாருடைய கையையும் பிடிக்காமல்தான் பக்கத்து வீட்டுக்குள் போனாள். தானே பூட்டைத் திறந்தாள், செருப்பைக் கழற்றினாள், நேராக நடந்தாள். பிறகு மாடிப்படி ஏறுவதற்காக வலது பக்கம் திரும்பி, முதல் படிக்கு வேண்டிய உயரத்துக்குக் காலைத் தூக்கினாள். அங்கே படி இல்லை. சமையலறையின் கதவு நிலை இருந்தது. தூக்கிய கால் வெறும் தரையில் விழ, நெற்றி மரத்தில் மோதியது.

பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்த என் கணவர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டார்.

"என்னம்மா, அடி பட்டுச்சா?"

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா, படியை எங்க வச்ச?" என்றாள். சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாய் என்று கேட்பவளைப்போல.

படி இடது பக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் படி வலது பக்கம், சமையலறை இடது பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். தலைகீழ் என்பதும் சரியில்லை. சட்டையைப் புரட்டிப் போட்டால் இடது கை வலது கையாகிவிடுமே, அப்படி.

எங்கள் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டிரண்டு வீடுகளுக்கு ஒரு நடுச்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் என்னென்ன உண்டோ அதெல்லாம் அந்தப் பக்கமும் உண்டு, எதிரும் புதிருமாக. தெருவில் நின்று பார்த்தால் வாசல் கதவுகள் ஜோடி ஜோடியாக நிற்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒன்பது வருடமாக அந்த வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். போதாக்குறைக்கு, திரைச்சீலைக் கடையில் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பது என் வேலை. அளவு நாடாவோடு இதுபோன்ற எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். ஆனால் ஜன்னல் அளப்பவள் ஜன்னலைத்தான் பார்ப்பாள். படி எந்தப் பக்கம் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

எல்லாம் ஒரே மாதிரி வீடுதானே என்ற நினைப்பில்தான் இரண்டு மாதமாக அவளை எங்கள் வீட்டிலேயே பழக்கினேன். "எல்லா வீடும் ஒண்ணுதான். இங்க பழகிட்டா அங்க பழகின மாதிரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளும் நம்பினாள். என் துணையில்லாமல் மாடிக்கும் கீழுக்கும் போய் வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கையில் டீக்கோப்பையோடு படியிறங்கினாள். அவ்வளவு பயிற்சியும் இப்போது அவளுக்கு எதிராகவே திரும்பியிருந்தது. ஒன்றும் பழகாமல் வந்திருந்தால் தடவித் தடவியாவது நடந்திருப்பாள்.

அவளுக்குக் கண் ஒரே நாளில் போகவில்லை. ஓரங்களிலிருந்து மெதுவாக உள்வாங்கிக்கொண்டே வந்தது. முதலில் இரவில் தெரியாமல் போனது. பிறகு பக்கவாட்டில் வருபவர்கள் தெரியவில்லை. கடைசியில் வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் மிஞ்சியது. அம்மாவும் அப்பாவும் இல்லாத நிலையில், நான்கு வருடத்துக்கு முன் அவளை என்னோடு அழைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். முப்பத்தெட்டு வயதிலும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. குடிநீர் வாரியத்தில் புகார்களைக் கேட்கும் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தபடியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வராதவர்கள் எல்லாரிடமும் திட்டு வாங்குவாள். கணினி எழுத்துகளை வாசித்துக் காட்டும். "ஊர்ல பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்காங்க. மீதிப் பேருக்கு ஒழுங்கா தண்ணி வருதுபோல" என்பாள்.

பக்கத்து வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அவளாகவே கேட்டாள், "நான் அங்க போகட்டுமா?" என்று. வீட்டுக்காரர் ஒரு பல் மருத்துவர், நல்ல மனிதர். ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், சரிப்பட்டு வந்தால் ஒப்பந்தம் போடலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார். ஆக, ஒரு மாதம். அதற்குள் அவளால் அங்கே இருக்க முடியும் என்றாக வேண்டும். முடியாவிட்டால் திரும்ப எங்கள் பின்னறைக்கே வந்துவிட வேண்டும்.

அந்த முதல் நாள், நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நேரம் தேடிக் கண்டுபிடித்த படி.

"இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டுக்கே வந்துடு. நிதானமா யோசிப்போம்" என்றேன்.

"எதை யோசிக்கிறது?"

"இல்ல, மாத்திப் பழகுறது கஷ்டம். அதான்."

அவள் ஐஸை எடுத்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பார்வை இருந்த காலத்தில் பழகிய திருப்பம் அது.

"உன் குரல் என்ன இவ்வளவு லேசா இருக்கு?" என்றாள்.

குரல் லேசாகத்தான் இருந்தது. அவள் மோதிக்கொண்ட அந்த நொடியில் பதறினேன், உண்மை. பதற்றத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான செருப்பைக் கழற்றியதுபோல ஓர் ஆறுதல். போகமாட்டாள், திரும்பி வந்துவிடுவாள் என்கிற ஆறுதல். அதை அவள் காதால் பிடித்துவிட்டாள்.

நான்கு வருடமாக அவளுடைய நகத்தை நான் வெட்டினேன். எந்தச் சட்டைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று எடுத்து வைத்தேன். தெருவில் பார்ப்பவர்கள், "நீங்க இல்லைன்னா அவ என்ன ஆவா" என்பார்கள். அந்தப் பேச்சை நான் ஒருமுறையும் மறுத்ததில்லை. தலையை லேசாகக் குனிந்து ஏற்றுக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் வேலையில் இறங்கினேன். அவளுக்கு எளிதாக்கித் தருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணிகளை மேஜை மூலைகளில் ஒட்டினேன். விளக்குப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான நாடா. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சட்டைப் பொத்தான். படியின் கைப்பிடிக் கட்டையில், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெல்வெட். கடைசியாக, இரண்டு வாசல் கதவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே மாதிரி நிற்கின்றனவே, குழப்பம் வரக்கூடாதென்று அவளுடைய கதவின் பிடியில் கம்பளி நூலை நன்றாகச் சுற்றிக் கட்டினேன்.

நூல் கட்டிய மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை அனுப்புவதால் என் கணவர் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர் வைத்திருந்தார். எங்கள் குடியிருப்பின் சட்டம் எளிமையானது. சுவருக்கு உள்பக்கம் நம்முடையது, வெளிப்பக்கம் எல்லாருக்கும் பொது. கதவின் உள்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வெளிப்பக்கத்தில் ஆணிகூட அடிக்க முடியாது.

"கதவுல நூல் கட்டியிருக்கீங்களே" என்றார்.

"என் தங்கச்சி வீடு சார். அடையாளத்துக்கு."

"அடையாளம்னு ஒருத்தர் நூல் கட்டுவாங்க. அதைப் பார்த்து அடுத்தவர் மணி கட்டுவார். அதுக்கடுத்தவர் மாமியாரையே கட்டி வைப்பார். நான் யாரைன்னு கேக்குறது?"

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார்."

அவர் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "அப்படியா. மன்னிக்கணும். குழுவுல வச்சு, சிறப்பு அனுமதின்னு ஏதாவது…"

அதற்குள் கதவு திறந்தது. சின்னவள் வெளியே வந்து, பிடியிலிருந்த நூலின் முடிச்சைத் தேடி அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் போட்ட முடிச்சு. சுலபத்தில் அவிழாது.

"அனுமதியெல்லாம் வேண்டாம் சார். நான் கட்டச் சொல்லல."

"அப்புறம் உங்க கதவை எப்படி கண்டுபிடிப்பீங்க?" அவர் அதிகாரத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பக்கத்துக் கதவுகிட்ட எங்க அத்தானோட ஷூ வாசனை வரும். அது வராத கதவு என்னுது."

"ஷூவை வெளிய வைக்கக் கூடாதுன்னு போன மாசமே ஒரு சுற்றறிக்கை…"

"சார், கும்பிட்டுக் கேக்குறேன், அதுல மட்டும் கை வச்சிராதீங்க. வழி தெரியாமப் போயிடும்."

அவர் சிரித்துவிட்டார். அந்த மனிதரின் சிரிப்பை நான் கேட்டதே அன்றுதான். தும்மல் மாதிரி இருந்தது. "ஷூ விஷயத்தை நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு சின்னவள் என்னை உள்ளே அழைத்தாள். சமையலறை மேடையில் ஒரு பாத்திரம் இருந்தது. அதில் துணித் துண்டுகள், நாடாக்கள், சட்டைப் பொத்தான், வெல்வெட். எல்லாவற்றையும் பிய்த்தெடுத்திருந்தாள். நூலையும் அதற்குள் போட்டாள்.

"இந்தா. எல்லாம் உன் பொருள்."

"உனக்கு உதவியா இருக்கட்டும்னுதானே ஒட்டினேன்?"

"உதவிதான். நான் இல்லைங்கல. ஆனா எங்க கை வச்சாலும் நீ இருக்க. மேஜையில நீ, விளக்கைப் போடப் போனா நீ, ஃப்ரிட்ஜைத் திறந்தா நீ. தனி வீட்டுக்கு வந்த மாதிரியே இல்லக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவள் களைப்பாகச் சொன்னாள். முழங்கையில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சாவி ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நான் கூப்பிட்டா வா."

"நீ விழுந்தா?"

"எழுந்திரிப்பேன்."

"எழுந்திரிக்க முடியலைன்னா?"

"அப்போ கூப்பிடுவேன். இதுல புரியாதது என்ன இருக்கு?"

புரியாதது ஒன்றுமில்லை. பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதிலிருந்ததைக் குப்பையில் போடவும் மனமில்லை, எடுத்து வைக்கவும் மனமில்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, சமைக்கப் போறியா இதை?" என்றார்.

"அவ என்னை வராதேங்கிறா."

"கூப்பிட்டா வரச் சொல்லியிருக்கா. ரெண்டும் வேற."

"உங்களுக்கு என்ன, பேசுவீங்க."

"எனக்கு என்னவா? ஊருக்கே வழிகாட்டியா என் ஷூவை நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றார். சிரிப்பு வரக் கூடாது என்று இருந்தேன். வந்துவிட்டது.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் சுவரோடு வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடுச்சுவரை ஒட்டித்தான் எங்கள் படியும். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் கால் தானாக மெதுவாகும், காது அந்தப் பக்கம் போகும். குழாய் திறக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அவள் யாரிடமோ புகார் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே சீரான குரல். கடையில் திரைச்சீலைக்கு உயரம் எழுதும்போதுகூட என் மனம் அந்தச் சுவரிலேயே இருந்தது. ஒரு வீட்டில் அகலத்தை உயரமாக எழுதிவிட்டேன். தைத்து வந்த திரை, ஜன்னலின் பாதிவரை மட்டும் தொங்கும் துண்டுபோல நின்றது. முதலாளி சிரித்துவிட்டார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. துவைத்த துணியைக் கை நிறைய வாரிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கண்ணாடி. உடனே ஏதோ கனமானது தரையில் விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

துணியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஒரே ஓட்டத்தில் கீழே வந்து சாவியை எடுத்துவிட்டேன். அவள் கதவுவரை போய்விட்டேன். பிடியில் கை வைத்தபோது, கூப்பிட்டா வா என்றது நினைவுக்கு வந்தது. தலையில் அடிபட்டுக் கிடந்தால் எப்படிக் கூப்பிடுவாள்? கூப்பிடவே முடியாதவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது என்ன நியாயம்? இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், இப்போது உள்ளே போனால், அவள் சும்மா நின்றுகொண்டிருந்தால், இந்த ஒரு மாதமும் வீண். அடுத்தமுறை அவள் கையிலிருந்து ஒரு கரண்டி நழுவினாலும் நான் வருவேன் என்று பயந்துகொண்டே கரண்டியைப் பிடிப்பாள்.

கதவைத் திறக்கவில்லை. திரும்ப வந்து படியில் ஏறி, சுவரில் காதை வைத்தேன். என் மூச்சுதான் கேட்டது. ஒன்றும் கேட்காவிட்டால் அவள் வீட்டுக்குள் போய்விடுவது, ஏதாவது ஒரு சத்தம் வந்தால் நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். இது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அப்போது என்னால் முடிந்தது அதுதான்.

முதலில் ஒரு வசவு கேட்டது. எங்கள் அப்பாவுக்குப் பிடித்த வசவு, அச்சில் ஏற்ற முடியாதது. பிறகு துடைப்பம். மெதுவாக, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கும் துடைப்பம். கண்ணாடித் துணுக்குகள் தகர முறத்தில் விழும் ஒலி. மறுபடி பெருக்கல். நான் பெருக்கியிருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பெருக்கியிருக்கமாட்டேன். சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன்.

அலைபேசி அடித்தது. அவள்தான்.

"எவ்வளவு நேரமா படியில நிக்கிற?"

"யாரு, நானா?"

"பின்ன சுவரா? உன் படியில ஒரு பலகை முனகுது. அதுல ஏறின, இன்னும் இறங்கல."

"என்ன உடைஞ்சுது?"

"கண்ணாடிக் கூஜா. கூடவே நாற்காலியும் சாஞ்சிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. செருப்புப் போட்டுட்டுத்தான் பெருக்குறேன்."

"சரி."

"சரியா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது, சொல்ல முடிந்திருக்கிறது என்று.

அந்தப் பக்கம் நாற்காலியை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "ஒரு விஷயம் சொல்லவா? முதல் வாரம் எனக்கு எதுவும் பிடிபடல. வலதுன்னு நினைச்சா இடது. மனசுல மாத்திப் போட்டுப் பாத்தா தலை சுத்துச்சு. படியை எண்ணிப் பாத்தேன். எண்ணிக்கிட்டே ஏறினா வேற எதையும் நினைக்க முடியல, அதையும் விட்டேன். ஒருநாள் கூடத்துல நின்னுட்டிருந்தேன். நீ உன் வீட்ல மாடிக்குப் போன. அந்தச் சத்தம் எனக்கு இடது பக்கம் சாய்வா மேல ஏறிப் போச்சு. அட, அங்கதான் என் படியும்னு புரிஞ்சுது. நீ ஏறும்போதெல்லாம் நானும் கூடவே ஏறினேன். இப்போ நீ ஏறாட்டியும் தெரியும்."

"நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. அதான் சொல்றேன். நீ பாட்டுக்கு உன் வீட்ல உன் வேலையைப் பாத்த."

அவள் போனை வைத்த பிறகும் நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். துணிகள் பாதிப் படியிலிருந்து கீழ்வரை சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவளுக்காக ஓடி ஓடிச் செய்ததெல்லாம் பாத்திரத்தில் திரும்பி வந்தது. எனக்காக நான் படியேறியது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அப்போது விளங்கவில்லை. ஆனால் மனம் அழுத்தமில்லாமல் இருந்தது. முதல் நாள் வந்த ஆறுதல் இல்லை இது. அதைப்போல ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

மாதக் கடைசியில் பல் மருத்துவர் வந்தார். சின்னவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நானும் அழைக்கப்பட்டிருந்தேன், அதனால் போனேன். "இரண்டு வருஷத்துக்குப் போடலாமா?" என்று அவர் கேட்டபோது என் வாய் திறக்கப் பார்த்தது. நான் டீயைக் குடித்தேன்.

"மூணு வருஷமா போடுங்க டாக்டர்" என்றாள் அவள். "இன்னொரு வீட்டுல போய் இடிச்சுக்க நெத்தியில இடமில்ல."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவர் விரலால் காட்டினார். காட்டிய பிறகுதான் தவறு புரிந்து அவசரமாக விரலை எடுத்தார். அவள் காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டு, "கீழ வலது பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். போட்டாள்.

அதற்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடையிலிருந்து அப்போதுதான் வந்து, கை கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னவளின் சிரிப்பு எனக்குத் தெரியும். கூட இன்னொரு சிரிப்பு, நடுவில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு சிரிக்கும் பெண் குரல். பின்னால் ஆண் குரல் ஒன்று ஏதோ சொல்ல, மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பாத்திரங்கள் மாறி மாறி வைக்கப்படும் ஓசை. யாரோ, "இல்ல, இல்ல, நீ உக்காரு, நான் எடுக்கிறேன்" என்றார்கள். அதற்கு அவள், "என் வீட்டுல நான்தான் எடுப்பேன்" என்றாள்.

"யாரு அது?" என்றார் என் கணவர்.

"தெரியல."

"கூட வேலை பாக்கிறவங்களா இருக்கும். போய்ப் பாக்கிறியா?"

கையைத் துடைத்துக்கொண்டேன். நான்கு வருடத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரிந்திருந்தது. இவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் நான் யாரென்று தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டில் இருக்கும் யாரோ ஒருத்தி. அப்படி இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. வலித்த இடத்திலேயே சற்றுக் காற்றும் வந்தது.

"வேண்டாம்" என்றேன். "நாம எங்கயாவது வெளிய போயிட்டு வரலாமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டுமாகப் போய் நெடுநாளாகிவிட்டது. நல்ல சேலையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வர, அவர் மேலும் ஒன்றும் கேட்காமல் கிளம்பி நின்றார். தெருமுனைவரை நடந்தோம். எந்தப் பக்கம் திரும்புவது என்று அங்கே நின்று, இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம்.